87,998 ஆட்டம், ஒரு படகு, ஒரு மீன் புத்தகம்

மெதுவாக வாருங்கள். கதவு கிறீச்சிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே பாதிரியார்கள் ஒன்பது பேர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நாம் ஒரு தும்மல் போட்டால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இத்தாலியில் போலோஞா நகரம். ஆண்டு 1642. ஒரு குண்டு தொங்குகிறது. இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் வருகிறது. போனால் ஒன்று, வந்தால் இரண்டு. வேலை அவ்வளவுதான். ஆனால் அதை 24 மணி நேரம், ஓர் ஆட்டம்கூட விடாமல், ஆள் மாற்றி ஆள் எண்ண வேண்டும். ஊசல் சோர்ந்து நின்றுவிடாமல் அவ்வப்போது செல்லமாக ஒரு தட்டும் தட்ட வேண்டும். இந்த வேலையை இவர்கள் தலையில் கட்டியவர் ஜொவான்னி பத்திஸ்தா ரிச்சியோலி. அவரும் சேசு சபைக் குருதான். ஓர் ஆட்டத்துக்குச் சரியாக ஒரு நொடி பிடிக்கிற ஊசல் வேண்டும் அவருக்கு. ஒரு நாளைக்கு 86,400 நொடி. ஆகவே 86,400 ஆட்டம் வரவேண்டும்.

வந்தது 87,998.

1,598 அதிகம்! நீங்களும் நானுமாக இருந்தால், “பரவாயில்லை சாமி, ஏறக்குறைய வந்துவிட்டது” என்று பாயைச் சுருட்டியிருப்போம். ரிச்சியோலி ஊசலின் நீளத்தைத் திருத்தினார். மறுபடி எல்லாரையும் உட்கார வைத்தார். மறுபடி ஒரு நாள் முழுக்க எண்ணிக்கை. இந்தத் தடவை 86,999. இன்னும் 599 அதிகம். மூன்றாம் தடவை அவர் கூப்பிட்டபோது ஆட்களைக் காணோம். பிரான்செஸ்கோ மரியா கிரிமால்டி, ஜேனோ என்று இரண்டு புண்ணியவான்கள் மட்டும் மிஞ்சினார்கள். மற்ற ஏழு பேரும் என்ன சாக்குச் சொல்லித் தப்பித்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசை!

பள்ளிக்கூடத்தில் நாம் பார்த்ததெல்லாம் மேடையை மட்டும்தான். திரை விலகும், நியூட்டன் வருவார், மூன்று விதி சொல்வார், கைதட்டு வாங்கிக்கொண்டு போவார். நான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பது ஒப்பனை அறைக்கு. பதினேழாம் நூற்றாண்டில், விழுகிற கல்லுக்கும் மோதுகிற பந்துக்கும் விதி எழுதியே தீருவது என்று ஐரோப்பாவில் ஒரு கூட்டம் அலைந்துகொண்டிருந்தது. ஆனால் ஆரம்பத்தில் அவர்களில் யாரிடமும் நம்பத்தக்க நொடிமுள் கிடையாது. கோபுரத்தின் மேலிருந்து கல்லைப் போடலாம். அது கீழே வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யாரைக் கேட்பது? முதலில் நேரத்தைச் செய்ய வேண்டும், பிறகுதான் விதியைப் பற்றிப் பேச்சு. அந்த நேரத்தை ஆளாளுக்கு எதை வைத்துச் செய்தார்கள் என்பதில்தான் கூத்தே இருக்கிறது.

ரிச்சியோலிக்கு இந்தத் தலைவலி எதற்கு? கலிலியோவை மடக்க! விழுகிற பொருள் சமமான நேரத் துண்டுகளில் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களின் கணக்கில் தூரத்தைக் கடக்கும் என்று கலிலியோ எழுதியிருந்தார். ரிச்சியோலிக்கு அதில் நம்பிக்கை இல்லை. பூமி சுற்றுகிறது என்பதையே ஒப்புக்கொள்ளாதவர் அவர். எதிராளியின் கணக்கைப் பொய்யாக்க வேண்டுமானால் முதலில் நம் கையில் சரியான நொடி இருக்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தாரே, அங்கேதான் எனக்கு அவரைப் பிடித்துப்போகிறது.

போலோஞாவில் இன்றைக்கும் அசினெல்லி என்ற கோபுரம் நிற்கிறது. ஏறத்தாழ 97 மீட்டர் உயரம். பைசா கோபுரத்திலிருந்து கலிலியோ குண்டு போட்ட கதையை நாம் மனப்பாடமாகச் சொல்வோம். அந்தக் கதை கலிலியோவின் சீடர் விவியானி பின்னாளில் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருவது. கலிலியோ தாமே எங்கும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. போலோஞா கோபுரத்தில் நடந்ததற்கோ அட்டவணை போட்ட கணக்கு இருக்கிறது. சுண்ணக்களிமண் உருண்டைகளை மேலிருந்து விட்டார்கள். நேரம் பார்க்க ஒரு குட்டி ஊசல். நொடிக்கு ஆறு ஆட்டம் ஆடுவது. அப்படியானால் அதன் நீளம் மூன்று சென்டிமீட்டர்கூட இருந்திருக்காது. நொடிக்கு ஆறு எண்ணிக்கை வாயில் எப்படி நுழையும்? முழு எண்பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால் உருண்டை தரைக்கு வந்துவிடும். போலோஞாத் தெருப்பேச்சில் எண்களை ஓரசையாக நறுக்கி, ஒன்று முதல் பத்து வரை திரும்பத் திரும்பக் கடகடவென்று சொன்னார்கள். கொன்னக்கோல் சொல்கிறவர்களுக்கு இது புரியும்.

முடிவு: முதல் நொடியின் கடைசியில் 15 ரோமன் அடி, இரண்டாவதில் 60, மூன்றாவதில் 135, நான்காவதில் 240. ஒவ்வொரு நொடிக்கும் கூடியதைக் கழித்துப் பாருங்கள்: 15, 45, 75, 105. எல்லாவற்றையும் 15-ஆல் வகுங்கள். 1, 3, 5, 7! மடக்கப் போன ஆள் கலிலியோவின் காலடியில்போய் நின்றார்.

இதற்குப் பிறகு அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளவில்லை, கணக்கைப் பெட்டிக்குள் ஒளித்துவைக்கவில்லை. அதே ஊரில் கணிதப் பேராசிரியராக இருந்தவர், கலிலியோவின் வழிவந்தவர், போனவெந்தூரா கவாலியேரி. அவரைத் தேடிப்போய், “உங்கள் ஆள் சொன்னதுதான் சரி” என்கிற அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். 1651-இல் வெளியான தம்முடைய ‘அல்மகெஸ்தும் நோவும்’ என்ற பெரும் நூலில் எல்லாவற்றையும் அச்சேற்றினார். அதே நூலில்தான் அவரும் கிரிமால்டியும் நிலவின் படம் போட்டு அதன் மேடுபள்ளங்களுக்குப் பெயர் வைத்தார்கள். 1969-இல் அப்பல்லோ இறங்கிய ‘அமைதிக் கடல்’ அவர்கள் வைத்த பெயர்தான். கடிகாரம் இல்லாமல் நொடியை எண்ணியவர்கள் வைத்த பெயரில் போய் மனிதன் கால் வைத்தான். சரி சரி, ஊசலுக்குத் திரும்புவோம்.

ஊசலுக்குக்கூட இல்லை, அதற்கும் முன்னால், கலிலியோவின் பட்டறைக்கு. அவர் நேரத்தை எண்ணவில்லை. தராசில் நிறுத்தார்.

கிண்டல் இல்லை, நிஜமாகவே. 1638-இல் வெளியான அவருடைய ‘இரண்டு புதிய அறிவியல்கள்’ நூலில் செய்முறை இருக்கிறது. ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளத்தில் ஒரு மரச்சட்டம். அதன் முதுகில் ஒரு விரல் அகலத்துக்குக் காடி. காடிக்குள் வழவழவென்று தோல்தாள் ஒட்டியிருக்கிறது. ஒரு பக்கத்தைத் தூக்கிச் சாய்த்து வைத்து, உருண்டையான வெண்கலக் குண்டை உருளவிட வேண்டும். நேரே விழுகிற குண்டைக் கண் பிடிக்காது. சரிவில் உருளவிட்டால் விழுதலே மெதுவாகிவிடும் என்பது யோசனை. பக்கத்தில் தண்ணீர் நிறைந்த ஒரு பெரிய பாத்திரம், அடியில் மெல்லிய குழாய். குண்டு கிளம்பும்போது தண்ணீரைத் திறந்துவிடு, நிற்கும்போது மூடு. கோப்பையில் விழுந்த தண்ணீரை நிறுத்துப் பார். இரண்டு மடங்கு தண்ணீர் என்றால் இரண்டு மடங்கு நேரம்! நாடித்துடிப்பில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகவில்லை என்று வேறு எழுதிவைத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் அலெக்சாந்தர் கொய்ரே என்ற பெரிய அறிவியல் வரலாற்றாசிரியர் இதைப் படித்துவிட்டுச் சிரித்தார். மரக்காடியாம், வாளித் தண்ணீராம், இதிலிருந்து துல்லியமா? எல்லாம் மனதுக்குள் நடத்திய சோதனையாகத்தான் இருக்கும் என்றார். பெரியவர் சொன்னதால் உலகம் தலையாட்டியது. 1961-இல் அமெரிக்காவில் தாமஸ் செட்டில் என்ற மாணவர் ஒரு பலகை, ஒரு பில்லியர்ட்ஸ் பந்து, தண்ணீர் ஒழுகவிட ஒரு பூந்தொட்டி, இவற்றைச் சேகரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பூந்தொட்டி! செய்து பார்த்தால், கலிலியோ சொன்ன அளவுக்குத் துல்லியம் அப்படியே வந்தது. பெரிய நூலகத்தின் சிரிப்பைப் பூந்தொட்டி அடக்கிய இந்தச் சம்பவத்தை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இன்னொரு அலமாரியும் இருக்கிறது, வாருங்கள். புளோரன்ஸ் தேசிய நூலகத்தில் கலிலியோவின் கைப்பிரதிகள். அவருடைய முழுத் தொகுப்பைப் பதிப்பித்தபோது வெறும் கணக்கும் கிறுக்கலுமாக இருந்த தாள்களை விட்டுவிட்டார்கள். எழுத்து இல்லையே, யாருக்கு வேண்டும்? 1972-இல் ஸ்டில்மன் டிரேக் என்ற ஆய்வாளர் போய் அந்தக் கிறுக்கல்களைத்தான் புரட்டினார். 116-ஆம் தாளின் பின்பக்கத்தில் பொக்கிஷம் இருந்தது.

சரிவில் உருண்டு வரும் குண்டு மேசை விளிம்பைத் தாண்டிக் காற்றில் பாய்ந்து தரையில் விழுகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து உருட்டினால் எவ்வளவு தள்ளிப்போய் விழுகிறது என்பது கேள்வி. அளவு ‘புள்ளி’யில், ஒரு புள்ளி என்பது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 300 புள்ளி உயரத்திலிருந்து விட்டால் 800 புள்ளி தள்ளி விழுந்தது. இதை வைத்துக்கொண்டு, 600 உயரத்துக்கு 1131 வரவேண்டும் என்று கணக்குப் போட்டார். வந்தது 1172. பக்கத்திலேயே வித்தியாசம் 41 என்று எழுதினார். 800 உயரத்துக்கு 1306 வரவேண்டும், வந்தது 1328. வித்தியாசம் 22. ஆயிரத்துக்கு 1460 வரவேண்டும், வந்தது 1500. வித்தியாசம் 40. அழிக்கவில்லை, மழுப்பவில்லை. இயற்பியல் ஆய்வகத்தில் விடையிலிருந்து பின்னோக்கிப்போய் அளவுகளை நிரப்பிய பழைய மாணவி என்ற முறையில் இந்தத் தாளை நான் கொஞ்சம் வெட்கத்தோடுதான் பார்க்கிறேன்.

107-ஆம் தாள் இதைவிட விளையாட்டுக்காரத்தனமானது. சரிவில் சமமான நேர இடைவெளிகளில் குண்டு எங்கெங்கே இருந்தது என்பதற்கு எட்டு எண்கள்: 33, 130, 298, 526, 824, 1192, 1620, 2104. முதல் எண்ணை 4-ஆல் பெருக்கினால் 132, 9-ஆல் பெருக்கினால் 297, 64-ஆல் பெருக்கினால் 2112. எவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டார் பாருங்கள்! தண்ணீரை நிறுத்து இவ்வளவு நுட்பம் வருமா? டிரேக்குக்குச் சந்தேகம் வந்தது. கலிலியோவின் தந்தை வின்சென்சோ லூட் வாசிப்பவர். நம் வீணைக்கு மெட்டுகள் இருப்பதைப் போல அந்த வாத்தியத்தின் கழுத்தில் நரம்பைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். நகர்த்தி நகர்த்திச் சரிசெய்யலாம். மகனும் சாய்ந்த பலகையில் அப்படியே நரம்புகளைக் கட்டியிருந்தால்? குண்டு ஒவ்வொரு நரம்பைத் தாண்டும்போதும் ‘டக்’. அந்த டக், டக் எல்லாம் தாளம் தப்பாமல் விழுகிறவரை நரம்புகளை நகர்த்த வேண்டியது. தாளம் சேர்ந்ததும் இடைவெளிகளை அளந்து எழுத வேண்டியது. கடிகாரமே தேவையில்லை, காது போதும்!

இது டிரேக்கின் ஊகம்தான். கலிலியோ எங்கும் இப்படி எழுதவில்லை. ஆனால் டிரேக் தாமே ஓர் அணிநடைப் பாட்டைப் பாடிக்கொண்டே செய்து பார்த்தார், நடந்தது. ஊகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். தாளம் போடத் தெரிந்த யாருக்கும் இது அபாண்டம் என்று தோன்றாது.

இத்தனை பொறுமைசாலிகளுக்கு நடுவே அவசரக்காரர்களும் இருந்தார்கள். பாரிசில் மரேன் மெர்சென் என்ற துறவி. ஐரோப்பா முழுக்கக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். அவருக்கும் பியேர் பெத்தி என்ற பீரங்கி விவரம் தெரிந்த நண்பருக்கும் ஒரு சந்தேகம்: பீரங்கியை வானத்தைப் பார்த்து நட்டுவைத்துச் சுட்டால் குண்டு திரும்பி விழுமா, விழாதா? யோசித்துக்கொண்டிருப்பானேன், சுட்டே பார்த்தார்கள். நின்ற இடத்திலேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று கேட்காதீர்கள், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. குண்டு அகப்படவேயில்லை! பியேர் வரிஞோன் 1690-இல் ஈர்ப்பு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் முகப்புப் படத்தில் ஒரு துறவியும் ஒரு போர்வீரரும் செங்குத்தான பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றபடி வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திரும்ப விழுமா என்ற கேள்வியும் படத்தோடு இருக்கிறது.

மார்செய் துறைமுகத்தில் 1640-இல் பியேர் கசெண்டி, அவரும் ஒரு குருதான், இதைவிட அழகாக ஒன்று செய்தார். ஓடுகிற கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து கல்லை விட்டால் அது மரத்தடியில் விழுமா, பின்தங்கி விழுமா? பூமி ஓடினால் மேலே எறிந்த கல் பின்தங்கிவிடாதா என்ற பழைய வாதத்துக்கு இதில் பதில் இருந்தது. பேசிப் பேசித் தேய்ந்த கேள்வி. கசெண்டி துடுப்புக் கப்பல் ஒன்றை ஏற்பாடு செய்து வேகமாக ஓட்டச்சொல்லிக் கல்லைப் போட்டார். மரத்தடியிலேயே விழுந்தது.

சரி, இப்போது சத்தம் போடலாம். மோதல் அறைக்கு வந்துவிட்டோம்.

இந்த அறையின் மூத்தவர் ரெனே டெகார்ட். 1644-இல் வெளியான ‘தத்துவத்தின் கோட்பாடுகள்’ நூலில் மோதலுக்கு ஏழு விதிகள் தந்தார். அவற்றில் முதல் விதி சரி. மற்ற ஆறும் ஆட்டம் கண்டவை. நாலாவது விதியைக் கேளுங்கள்: சும்மா நிற்கிற பெரிய பொருளின்மேல் சின்னப் பொருள் என்ன வேகத்தில் வந்து மோதினாலும் பெரியது இம்மியும் நகராது, சின்னது வந்த வேகத்தில் திரும்பிப் போய்விடும். கோலி ஆடிய எந்தப் பிள்ளையும், “அங்கிள், ஒரு தடவை ஆடிப் பாருங்களேன்” என்று சொல்லியிருக்கும். டெகார்டுக்கும் இது தெரியாமல் இல்லை. நாம் காணும் பொருள்கள் முழுக் கடினமானவை அல்ல, சுற்றிலும் வேறு பொருள் சூழ்ந்திருக்கிறது, அதனால் கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும் என்று சமாதானம் வைத்திருந்தார். அவர் சறுக்கிய முக்கியமான இடம் ஒன்று. அளவையும் வேகத்தையும் பெருக்கி, அதன் மொத்தம் மாறாது என்றார். எந்தத் திசையில் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்தார்.

அவருடைய நெதர்லாந்து நண்பர் ஒருவரின் வீட்டுப் பிள்ளை கிறிஸ்டியான் ஹைகென்ஸ். 1652 வாக்கில், 23 வயதில், குடும்ப நண்பரின் விதிகள் தப்பு என்று கண்டுபிடித்துவிட்டார். கணக்கு வாத்தியார் ஃபான் ஸ்கூட்டன் டெகார்டின் பரம பக்தர். வேண்டாம் தம்பி, விட்டுவிடு என்கிற தோரணையில் அறிவுரை சொன்னார். தம்பி கேட்கவில்லை.

ஹைகென்ஸிடம் பீரங்கி இல்லை, கோபுரம் இல்லை. ஊரெல்லாம் கால்வாய், கால்வாயெல்லாம் படகு. அது போதுமானதாக இருந்தது. ஒரே எடையுள்ள இரண்டு கடினமான பந்துகள் ஒரே வேகத்தில் எதிரெதிரே வந்து மோதினால், அதே வேகத்தில் திரும்பிப் போகும். இதை யாரும் மறுக்கமாட்டார்கள். இப்போது அந்த மோதலைப் படகுக்குள் வையுங்கள். படகுக்காரன் கைக்கு ஒன்றாக இரண்டு நூல்களைப் பிடித்திருக்கிறான், நூலின் நுனியில் பந்துகள். படகும் பந்தின் அதே வேகத்தில் வலப்பக்கமாகப் போகிறது. கரையில் நிற்கிறவன் கண்ணுக்கு என்ன தெரியும்? வலப்பக்கம் போகிற பந்து இரட்டை வேகத்தில் பாய்கிறது. இடப்பக்கம் வரவேண்டிய பந்தோ அந்தரத்தில் அப்படியே நிற்கிறது! டக்கென்று மோதல். பாய்ந்து வந்தது நின்றுவிட்டது. நின்றது இரட்டை வேகத்தில் ஓடுகிறது. கேரம் பலகையில் ஒரு காயைச் சுண்டி இன்னொரு காயை நேராக அடித்தால் நடப்பது இதுதான்.

ஒரே மோதல்தான் நடந்தது. படகில் நின்று பார்த்தால் ஒரு விதி, கரையில் நின்று பார்த்தால் இன்னொரு விதி, இரண்டும் சரி. படகின் வேகத்தை மாற்ற மாற்றப் புதுப்புது விதி வந்துகொண்டேயிருக்கும். ஹைகென்ஸ் இதையெல்லாம் எழுதிய புத்தகத்தின் படத்தில் படகுக்காரனும் கரைக்காரனும் கைகோத்துக்கொண்டு நிற்பார்கள், ஏதோ கும்மி ஆரம்பிக்கப் போகிறவர்களைப் போல. இயற்பியலின் ஆக அழகான படம் எது என்று என்னைக் கேட்டால் ஆப்பிள் மரத்தைச் சொல்லமாட்டேன், இந்தக் கைகோப்பைத்தான் சொல்வேன்.

எழுதிமுடித்தவர் அச்சுக்குக் கொடுக்கவில்லை. வைத்துக்கொண்டேயிருந்தார். 1661-இல் லண்டன் போனார். ஏப்ரல் 23 அன்று இரண்டாம் சார்லஸுக்கு முடிசூட்டு விழா. ஊரே திரண்டு நின்றது. அதே நாளில் சூரியனின் குறுக்கே புதன் கோள் கடந்தது. ஹைகென்ஸ் எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்? ராஜாவை நாளைக்கும் பார்க்கலாம், புதனைப் பார்க்க முடியுமா! அந்தப் பயணத்தில் லண்டன் அறிஞர்கள், கிறிஸ்டோபர் ரென், ஜான் வாலிஸ் போன்றவர்கள், இந்த எடை இந்த வேகத்தில் அந்த எடையில் மோதினால் என்ன ஆகும் என்று கணக்குகளை நீட்டினார்கள். இவர் போட்டு விடையைக் கொடுத்தார். வழியை மட்டும் சொல்லவில்லை. கெட்டிக்காரச் சமையல்காரி போல, ருசி பார்க்கலாம், பக்குவம் கேட்கக்கூடாது.

1668-இல் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி மோதல் விஷயத்தை முறையாகக் கையிலெடுத்தது. செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் வாலிஸ், ரென், ஹைகென்ஸ் மூவருக்கும் எழுதினார். ஓல்டன்பர்க்குக் கடிதம் எழுதுவதுதான் மூச்சு. முந்தைய ஆண்டுதான் அந்தக் கடிதங்களாலேயே லண்டன் கோபுரச் சிறையில் சில வாரம் இருந்துவிட்டு வந்திருந்தார். வாலிஸ் கொடுத்தார்; மோதியபின் ஒட்டிக்கொண்டு போகிற பொருள்களின் கணக்கு. நெருப்பில் எரிந்துபோன லண்டனைத் திரும்பக் கட்டுகிற வேலைக்கு நடுவே ரென் கொடுத்தார். துள்ளித் திரும்புகிற பொருள்களின் கணக்கு. ஊசல்களில் பந்து கட்டி மோதவிட்டுப் பார்த்த அனுபவமும் அவருக்கு உண்டு. ஹைகென்ஸின் தாள் 1669 ஜனவரியில் வந்தது. ரெனின் விதிகளும் இவருடைய விதிகளும் ஒன்றே. இரண்டு பேர், இரண்டு நாடு, ஒரே விடை!

இங்கேதான் தகராறு. சங்கத்தின் இதழில் வாலிஸும் ரெனும் அச்சானார்கள், ஹைகென்ஸைக் காணோம். பல வருஷம் பொத்திப் பொத்தி வைத்தவருக்கு வந்ததே கோபம். மார்ச்சில் பாரிஸ் இதழ் ஒன்றில் தம் விதிகளைத் தாமே வெளியிட்டுக்கொண்டார். ஏப்ரலில் ஓல்டன்பர்க் விளக்கத்தோடு அவற்றை லண்டனிலும் அச்சிட்டுச் சமாதானம் செய்தார். அந்தச் சில பக்கங்களில், திசையையும் சேர்த்துக் கணக்கிட்டால் உந்தம் மாறாது என்பதும் இருக்கிறது. எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினால் அதுவும் மாறாது என்பதும் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. முழு நூல் அச்சில் வந்தது 1703-இல். ஹைகென்ஸ் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நடுவே அவர் ஊசல் கடிகாரத்தைச் செய்துவிட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1656. ஒன்பது பாதிரியார்களின் வேலை பறிபோனது. விழுகிற பொருள் முதல் நொடியில் 15 பாரிஸ் அடி 1 அங்குலம் விழும் என்று ஊசலை வைத்தே சொல்லிவிட்டார். நம் அளவில் மாற்றி இரண்டால் பெருக்கினால் இன்றைய பாடப்புத்தகத்து 9.8 கிடைக்கும்.

நியூட்டன் எங்கே என்று தேடுகிறீர்கள். அவரும் ஆரம்பித்தது இந்த மோதல் அறையில்தான். மாற்றாந்தந்தை விட்டுப்போன ஒரு தடித்த குறிப்பேடு. உள்ளே பெரும்பாலும் வெற்றுத்தாள். அதில்தான் 1665 வாக்கில் டெகார்டின் மோதல்களைத் திருத்தத் தொடங்கினார். பிறகு பெரிய நூல் எழுதும்போதும் ரென், வாலிஸ், ஹைகென்ஸ் மூவர் பெயரையும் சொல்லிவிட்டு, பத்து அடி நீள ஊசல்களில் விதவிதமான பந்துகளை மோதவிட்ட கதையை எழுதினார். இறுக்கிச் சுருட்டிய கம்பளி உருண்டைகள் மோதினால் 9 பங்கு வேகத்தில் வந்தவை 5 பங்கு வேகத்தில் பிரியும். கண்ணாடி என்றால் 16-க்கு 15. எஃகையும் தக்கையையும்கூட விடவில்லை. இங்கிலாந்தின் ஆகப் பெரிய மூளை கம்பளி உருண்டையை ஆட்டிவிட்டுக் காற்றுத் தடைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!

ஈர்ப்பு விதியின் கதை காப்பிக்கடையில் ஆரம்பிக்கிறது. 1684 ஜனவரி. ரென், ராபர்ட் ஹூக், எட்மண்ட் ஹாலி. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி ஈர்ப்பு குறைந்தால் கோள்கள் என்ன பாதையில் போகும்? எனக்குத் தெரியும், ஆனால் இப்போது சொல்லமாட்டேன் என்றார் ஹூக். ரென் சிரித்துக்கொண்டே, இரண்டு மாதத்துக்குள் நிரூபிக்கிறவருக்கு 40 ஷில்லிங் மதிப்பில் ஒரு புத்தகம் பரிசு என்றார். பரிசை யாரும் வாங்கவில்லை. ஆகஸ்டில் ஹாலி கேம்பிரிட்ஜ் போய் நியூட்டனைக் கேட்டார். நீள்வட்டம், எப்போதோ கணக்குப் போட்டுவிட்டேன் என்றார் நியூட்டன். எங்கே காட்டுங்கள்? தேடினார். தாள் அகப்படவில்லை! புதிதாக எழுதி நவம்பரில் அனுப்பினார். அந்தத் தாள்தான் ஊதி ஊதி 1687-இல் ‘பிரின்சிபியா’ ஆயிற்று.

அச்சுச் செலவுக்கு ராயல் சொசைட்டியிடம் காசில்லை. முந்தைய ஆண்டுதான் படங்கள் நிறைந்த ‘மீன்களின் வரலாறு’ என்ற பெரிய நூலைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஹாலி தம் கைக்காசைப் போட்டுப் பிரின்சிபியாவை அச்சிட்டார். அப்போது அவர் அதே சங்கத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். சம்பளப் பாக்கியை எப்படித் தீர்த்தார்கள் தெரியுமா? விற்காமல் கிடந்த மீன் புத்தகத்தில் 50 பிரதிகள்!

வெளியே போவதற்கு முன் ஒரு சின்ன வேலை. வீட்டில் ஒரு பூட்டும் கொஞ்சம் நூலும் இருக்கும். நூலை மாட்டிய இடத்திலிருந்து பூட்டின் நடுப்பகுதி வரை 99 சென்டிமீட்டர் இருக்கும்படி தொங்கவிடுங்கள். கொஞ்சமாக இழுத்து விடுங்கள். போனால் ஒன்று, வந்தால் இரண்டு. ஐந்து நிமிடத்துக்கு 300 வரவேண்டும். எனக்கு முதல் தடவை 297, இரண்டாம் தடவை 304. மூன்றாம் தடவை 140-இல் குக்கர் விசில் அடித்துவிட்டது. உங்களுக்கு எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். கூட்டியும் குறைத்தும் எழுதக்கூடாது.